கோலாலம்பூர் வெக்கையில் சத்தமில்லாத கணினி: ஃபேன் இரைச்சலைக் குறைக்கும் முழுமையான வழிகாட்டி

கணினி ஃபேன் சத்தத்தைக் குறைப்பது எப்படி என்று தேடினால் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் சொன்னவை. அவர்கள் அறையில் 20, 21 டிகிரி. நம்முடையதோ, செந்தூலில் மேற்குப் பார்த்த அடுக்குமாடி அறை என்று வைத்துக்கொள்ளுங்கள், பிற்பகல் மூன்று மணிக்கு ஏர்கோன் போடாவிட்டால் 31, 32 டிகிரி. அவர்கள் கொடுத்த எண்களை அப்படியே எடுத்து பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில்) போட்டால் கணினி சும்மா இருக்கும்போதே ஃபேன் கத்த ஆரம்பித்துவிடும். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ பலரும் “என் கணினி எப்போதும் இரைகிறது” என்று அலுத்துக்கொள்வதற்கு முதல் காரணம் இதுதான். மதர்போர்டு தயாரிப்பாளர்கள் ஆலையிலேயே போட்டுக் கொடுக்கும் அமைப்பும் நம் ஊர் வெக்கையை நினைத்துச் செய்தது அல்ல.

அடிப்படைக் கணக்கு ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஃபேன் குளிரை உண்டாக்குவதில்லை; உள்ளே இருக்கும் சூட்டை அறைக்குத் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஆகவே எந்தப் பாகமும் அறைக் காற்றைவிடக் குளிர முடியாது. அறை 10 டிகிரி கூடினால் உள்ளே இருப்பவையும் ஏறக்குறைய 10 டிகிரி கூடும். வெளிநாட்டு விமர்சனத்தில் ஒரு கூலர் (செயலிமேல் மாட்டும் குளிர்விப்பான்) 21 டிகிரி அறையில் சிபியுவை, அதாவது கணினியின் செயலியை, 65-இல் வைத்தது என்றால், அதே கூலர் நம் வீட்டில் 75-இல் வைக்கும். அது கோளாறு அல்ல. அந்தப் பத்து டிகிரியைத் துரத்திப் பிடிக்கப் போய்தான் ஃபேன் வீணாக ஓடுகிறது.

ஓடினால் என்ன என்று கேட்கலாம். ஃபேன் தள்ளும் காற்று வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது. சத்தம் அப்படி அல்ல. ஃபேன் பொறியாளர்கள் பயன்படுத்தும் கணக்குப்படி வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே நம் காதுக்குச் சத்தம் பாதியானது போலிருக்கும். ஒரே மாதிரியான இரண்டு ஃபேனைச் சேர்த்து ஓட்டினாலோ சத்தம் 3 டெசிபல்தான் ஏறும். அதாவது ஒரு ஃபேனை வேகமாக விரட்டுவதைவிட இரண்டு ஃபேனை மெதுவாக ஓட்டுவது எப்போதும் லாபம். 120 மில்லிமீட்டரை விட 140 மில்லிமீட்டர் நல்லது என்பதற்கும் காரணம் இதே.

சரி, வேலையைத் தொடங்குவோம்.

1. எது சத்தம் போடுகிறது என்று முதலில் பிடியுங்கள்

கடைக்குப் போய் ஃபேன் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது. பலர் கேசிங் (கணினியின் வெளிக்கூடு) ஃபேன்களை எல்லாம் மாற்றிவிட்டு, கடைசியில் இரைந்தது கிராபிக்ஸ் கார்டு என்று கண்டுபிடிக்கிறார்கள்.

அறையின் சீலிங் காற்றாடியை நிறுத்துங்கள். கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். டிஷ்யூ ரோல் தீர்ந்தபின் மிஞ்சும் அட்டைக் குழாயை ஒரு முனையில் காதோடு ஒட்டி, மறுமுனையை ஒவ்வொரு ஃபேனுக்கும் அருகே கொண்டுபோங்கள். குழாய் ஃபேனைத் தொடக் கூடாது, இரண்டு விரற்கடை தள்ளியே இருக்கட்டும். முடி நீளமாக இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள். எது குற்றவாளி என்று பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் கணினியை அணைத்து, சந்தேகப்படும் கேசிங் ஃபேனின் வயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டுக் கேளுங்கள். சிபியு ஃபேனை மட்டும் இப்படிப் பிடுங்கி ஓட்டாதீர்கள்.

சத்தத்தின் ரகமும் பேசும். “உஸ்ஸ்” என்ற காற்றிரைச்சல் என்றால் வேகம் அதிகம். அமைப்பை மாற்றினால் போதும், காசு செலவில்லை. “கரகர” என்று அரைத்தால் பேரிங் (ஃபேனின் அச்சைத் தாங்கும் பாகம்) தேய்ந்துவிட்டது. மலிவான ஸ்லீவ் பேரிங் ஃபேன்களில் எண்ணெய் காய்ந்து இப்படி ஆகும், நம் வெக்கையில் சீக்கிரமே ஆகும், மாற்றத்தான் வேண்டும். “டக்டக்” என்று தாளம் போட்டால் ஏதோ வயர் இதழில் உரசுகிறது. அடித்தொண்டையில் “ம்ம்ம்” என்று முனகுவது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்: நிமிடத்துக்கு 7200 சுற்று என்பது நொடிக்கு 120, அந்த அதிர்வு கேசிங்கின் தகட்டுக்கு ஏறி முனகலாகிறது. கேம் ஆடும்போது மட்டும் கொசு போல “ஙீ” என்று கேட்டால் அது ஃபேனே இல்லை. கிராபிக்ஸ் கார்டு அல்லது பவர் சப்ளையின் காயில் அதிர்வு. இந்த வழிகாட்டியில் உள்ள எதுவும் அதை முழுதாகத் தீர்க்காது, கேமின் பிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு போட்டால் ஓரளவு அடங்கும்.

இன்னொரு சோதனை: இரைச்சல் இருக்கும்போது பக்கத் தகட்டின்மேல் உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள். சட்டென்று சத்தம் குறைந்தால் பிரச்சினை ஃபேனில் இல்லை, தளர்ந்த தகட்டில். மிஸ்டர் டிஐஒய் போன்ற கடைகளில் கதவிடுக்கில் ஒட்டும் மெல்லிய ஸ்பாஞ்சு டேப் கிடைக்கும், தகடு உட்காரும் விளிம்பில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது.

2. இப்போதைய நிலையை எழுதி வையுங்கள்

ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். சிபியு வெப்பம், கிராபிக்ஸ் கார்டு வெப்பம், ஒவ்வொரு ஃபேனின் சுற்று வேகம் மூன்றும் அதில் வரும். மேசையில் ஒரு சாதாரண அறை வெப்பமானியும் வையுங்கள். அறை எத்தனை டிகிரி என்று தெரியாமல் எடுத்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

கணினியைக் கால் மணி நேரம் சும்மா விட்டுக் குறியுங்கள். பிறகு செயலியை முழுப் பளுவில் ஓட்டும் சினிபெஞ்ச் மென்பொருள் அரை மணி நேரம், அப்புறம் நீங்கள் வழக்கமாக ஆடும் கேம் அரை மணி நேரம். ஐந்து நிமிடச் சோதனை போதாது, ஹீட்சிங்கும் (சூட்டை வாங்கிக்கொள்ளும் கூலரின் உலோகத் தகடுகள்) கேசிங்குக்குள் இருக்கும் காற்றும் முழுதாகச் சூடேற நேரம் எடுக்கும்.

எப்போது சோதிப்பது என்பதில்தான் நம் ஊர்க்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். வெப்பத்தைப் பிற்பகலில் ஏர்கோன் இல்லாமல் சோதியுங்கள். சத்தத்தை இரவில் கதவைச் சாத்திச் சோதியுங்கள். பகலில் சீலிங் காற்றாடியும் சாலை இரைச்சலும் கணினியின் சத்தத்தை மூடிவிடும். இரவு ஏர்கோன் போட்டு 24 டிகிரியில் உட்கார்ந்து அமைத்த வேகம் இரவுக்குச் சுகமாக இருக்கும், மறுநாள் பகலில் பற்றாமல் போகும்.

எவ்வளவு சூடு தாங்கும்? இன்டெலின் 12 முதல் 14-ஆம் தலைமுறை வரையிலான மேசைக் கணினிச் செயலிகளில் பெரும்பாலானவை 100 டிகிரியில்தான் தங்களைத் தாங்களே மெதுவாக்கிக்கொள்ளும். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசையில் பலவற்றின் வரம்பு 95; முழுப் பளுவில் அந்த 95-ஐத் தொட்டு ஓடுவது வடிவமைப்பிலேயே உள்ளது என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. ரைசன் 5 5600-க்கு 90, ரைசன் 7 7800எக்ஸ்3டி-க்கு 89. நம் அறையில் சும்மா இருக்கும்போது 42 முதல் 50, கேமில் 65 முதல் 80, சினிபெஞ்ச் போன்ற முழுப் பளுவில் வரம்புக்கு ஐந்து டிகிரியாவது கீழே என்றால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். “என் சிபியு 60-ஐத் தாண்டக் கூடாது” என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் அதற்கு விலையாகச் சத்தத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

3. துப்புரவு

காசே இல்லாமல் பாதிப் பிரச்சினை தீரக்கூடிய இடம். நம் வீடுகளில் தூசி வெறும் தூசி அல்ல. ஈரக்காற்றில் தூசி பிசுபிசுக்கும். சமையலறைக்கு அருகே என்றால் தாளிக்கும் எண்ணெய்ப் புகை, சாமி மேடைக்கு அருகே என்றால் கற்பூரமும் சாம்பிராணியும், மாலையில் கொசுவர்த்தி. செந்தூலில் ஒரு நண்பர் வீட்டில் கணினி சாமி மேடைக்குக் கீழேயே இருந்தது. திறந்து பார்த்தால் ஃபேன் இதழ்களின் முன்விளிம்பில் மட்டும் கண்மை தீட்டியது போல ஒரு கறுப்புப் பட்டை; தொட்டால் விரலில் ஒட்டிக்கொண்டது. ஊதினால் போகவில்லை. காற்றை வெட்டும் விளிம்பே முரடாகிவிட்டால் ஃபேன் அதே வேகத்தில் கூடுதலாக இரையும், குறைவாகத் தள்ளும்.

செய்முறை இப்படி. கணினியை அணைத்து, சுவரில் சுவிட்சையும் அணைத்து, வயரைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். தெரஸ் வீடென்றால் கார் நிறுத்தும் இடத்துக்கும், கொண்டோ என்றால் பால்கனிக்கும் தூக்கிக்கொண்டு போங்கள். படுக்கையறையில் ஊதினால் தூசி இன்னொரு மூலைக்குத்தான் போகும். சிறிய பேட்டரி ஊதுகருவி இருந்தால் நல்லது, இல்லையென்றால் கேமரா துடைப்பவர்கள் வைத்திருக்கும் ரப்பர் பந்தும் ஓர் அங்குலப் பெயிண்ட் பிரஷும் போதும். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் அது தலைதெறிக்கச் சுற்றினால் பேரிங் கெடும்; சுற்றும் மோட்டார் மின்சாரத்தையும் பின்னோக்கி அனுப்பும். வீடு கூட்டும் வேக்குவத்தை மதர்போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், அதன் பிளாஸ்டிக் முனையில் நிலைமின்சாரம் சேரும்.

ஹீட்சிங்கின் தகடுகளுக்கும் ஃபேனுக்கும் நடுவே கம்பளி போல ஒரு தூசிப் படலம் இருக்கும். ஃபேனைக் கழற்றினால்தான் அது தெரியும், ஆகவே கழற்றிப் பாருங்கள். கற்பூரக் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் போக ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு இதழ் இதழாகத் துடையுங்கள். முன்பக்க வலை வடிகட்டியைச் சோப்பு நீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். நம் ஈரப்பதத்தில் ஓர் இரவு காற்றாடிக்குக் கீழே வைப்பது உத்தமம்.

திறக்கும்போதே இன்னொன்றும் பாருங்கள். எறும்பும் சின்னக் கரப்பானும் கேசிங்குக்குள் குடியிருப்பது இங்கே அதிசயம் இல்லை. பின்னால் விரிவட்டைத் துளைகளுக்கு மூடி இல்லாவிட்டால் போட்டுவிடுங்கள்.

4. இடம்

சுருக்கமாகச் சொல்கிறேன். மேசையின் மூடிய அறைக்குள் கணினியை வைத்தால் அது தான் வெளிவிட்ட சூட்டையே திரும்ப உறிஞ்சும். எந்த ஃபேனாலும் அதைச் சரிசெய்ய முடியாது. பின்பக்கம் சுவருக்கு ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மேசைமேல் காதுக்குப் பக்கத்தில் இருப்பதைத் தரைக்கு இறக்கினாலே சத்தம் நன்றாகக் குறையும், ஆனால் தரையில் தூசி அதிகம் என்பதால் ஒரு சிறு முக்காலிமேல் வையுங்கள். உள்ளீடற்ற மரப்பலகை மேசை அதிர்வை மத்தளம் போலப் பெருக்கும், அதற்கு நான்கு காலுக்கும் ரப்பர் துண்டு.

5. ஃபேன் வளைவை நம் வெக்கைக்கு மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

கணினியைப் போட்டதும் டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். அசூஸில் கியூ-ஃபேன், கிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன், எம்எஸ்ஐயில் ஹார்ட்வேர் மானிட்டர், அஸ்ராக்கில் ஃபேன்-டாஸ்டிக் டியூனிங் என்று பெயர் மாறும். உள்ளே இருப்பது ஒரே விஷயம். கிடைமட்டத்தில் வெப்பம், செங்குத்தில் வேகம், நடுவே ஒரு கோடு.

முதலில் ஒவ்வொரு ஃபேனும் எந்த வகை என்று பாருங்கள். நான்கு ஊசி இணைப்பு என்றால் பிடபிள்யூஎம் (வேகத்தைத் துடிப்புச் சைகையால் மாற்றுவது), மூன்று ஊசி என்றால் டிசி (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து மாற்றுவது). மூன்று ஊசி ஃபேனுக்கு பயாஸில் பிடபிள்யூஎம் என்று இருந்தால் அது எப்போதும் முழு 12 வோல்ட்டில் முழு வேகத்தில்தான் ஓடும். “எவ்வளவு அமைத்தாலும் குறையவே இல்லை” என்பவர்களுக்குப் பல நேரம் கோளாறு இந்த ஒரு வரியில் இருக்கும்.

இப்போது வளைவு. ஆலை அமைப்பில் கோடு பெரும்பாலும் 40 டிகிரியிலேயே ஏற ஆரம்பிக்கும். நம் வீட்டில் கணினி சும்மா இருந்தாலே 45. ஆகவே ஃபேன் நாள் முழுக்க ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். காதை உறுத்துவது சத்தத்தின் அளவைவிட இந்த ஏற்ற இறக்கம்தான்; ஒரே சீராக வரும் சத்தத்தைச் சிறிது நேரத்தில் காது மறந்துவிடும். பிரௌசரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் சிபியு ஒரு நொடியில் 45-இலிருந்து 65-க்குத் தாவி மறுபடி இறங்கும். அது சில்லுக்குள் ஒரு புள்ளியின் சூடு. அந்த ஒரு நொடியில் ஹீட்சிங்க் சூடாகவே இல்லை. அதைப் பார்த்து ஃபேன் பதறிப்போய் ஓடினால் யாருக்கும் பயன் இல்லை.

ஆகவே கீழ்த்தட்டை நீட்டுங்கள். 31, 32 டிகிரி அறைக்கு நான் பரிந்துரைக்கும் தொடக்க அமைப்பு இது:

60 டிகிரி வரை 30 முதல் 35 சதவீதம், ஒரே சமமான கோடு.
70 டிகிரியில் 45 சதவீதம்.
80 டிகிரியில் 65 சதவீதம்.
88 டிகிரிக்கு மேல் 100 சதவீதம்.

உங்கள் செயலியின் வரம்பு 89, 90 என்றால் கடைசிப் புள்ளியை 85-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். சில மலிவு ஃபேன்கள் 30 சதவீதத்தில் கிளம்பாமல் நின்றுவிடும். கணினியைப் போட்டதும் எல்லாம் சுற்றுகின்றனவா என்று கண்ணால் பாருங்கள், நின்றால் ஐந்து ஐந்து சதவீதமாகக் கூட்டுங்கள்.

அதே பக்கத்தில் ஸ்டெப் அப், ஸ்டெப் டவுன், ஹிஸ்டரசிஸ், ஸ்மூத்திங் என்று ஏதாவது ஒன்று இருக்கும். வெப்பம் ஏறிய உடனே ஓடாமல் சில விநாடி காத்திருக்கச் சொல்லும் அமைப்பு அது. ஏறுவதற்கு மூன்று முதல் ஐந்து விநாடி, இறங்குவதற்கு அதைவிடக் கூடுதலாக வையுங்கள். இதை மட்டும் மாற்றினாலே பலரது கணினியில் “உஸ்… உஸ்…” என்று மூச்சுவாங்குவது நின்றுபோகும்.

கேசிங் ஃபேன்களைச் சிபியு வெப்பத்தோடு கட்டுவதில் அர்த்தம் குறைவு. கேம் ஆடும்போது சூட்டைக் கக்குவது கிராபிக்ஸ் கார்டு. பயாஸுக்கு அதன் வெப்பம் பெரும்பாலும் தெரியாது. விண்டோஸில் ஃபேன் கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் சிபியு, கிராபிக்ஸ் கார்டு இரண்டில் எது அதிகமோ அதைப் பார்த்துக் கேசிங் ஃபேனை ஓட்டச் சொல்லலாம். மென்பொருள் வேண்டாம் என்பவர்கள் பயாஸில் சிபியுவுக்குப் பதில் மதர்போர்டு வெப்பத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அது நிதானமாக ஏறும், நிதானமாக இறங்கும். ஆனால் அதன் எண்கள் குறைவாகவே இருக்கும் என்பதால் அதற்குத் தனி வளைவு போட வேண்டும்.

6. சூட்டையே குறையுங்கள்

வெளியேற்ற வேண்டிய சூடு குறைந்தால் ஃபேனுக்கு வேலையே இல்லை. இன்டெல் ஐ7-13700கே முழுப் பளுவில் 253 வாட் வரை போகும். அதன் அடிப்படை அளவு 125 வாட். பல மதர்போர்டுகள் அந்த மேல்வரம்பை எடுத்துவிட்டே வந்தன. பயாஸில் பிஎல்1, பிஎல்2 (நீண்ட நேர, குறுகிய நேர மின்வரம்புகள்) என்ற இரண்டு எண்களையும் நீங்களே குறைக்கலாம். சாதாரண வீட்டு வேலைக்கும் கேமுக்கும் 125 வாட் தாராளம். வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு மட்டும்தான் வேகக் குறைவு தெரியும்.

ரைசனில் மின்வரம்பைக் குறைக்கும் அமைப்பின் பெயர் இகோ மோட். 105 வாட் வகைச் செயலிகள் உண்மையில் 142 வாட் வரை இழுக்கும். 65 வாட் இகோ மோடில் போட்டால் அது 88 வாட்டோடு நின்றுவிடும். கேம்களில் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதே கடினம். கூடவே செயலியின் மின்னழுத்தத்தை இறக்கும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லா கோருக்கும் மைனஸ் 10, பின்பு மைனஸ் 15 என்று இறக்கிப் பார்க்கலாம். கணினி எதிர்பாராமல் மறுதொடக்கம் ஆனால் ஒரு படி பின்வாங்குங்கள்.

பயாஸைத் தொடப் பயமா? விண்டோஸின் பவர் அமைப்பில் செயலியின் அதிகபட்ச நிலையை 100-இலிருந்து 99 சதவீதமாக்குங்கள். பெரும்பாலான கணினிகளில் டர்போ (செயலி தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்வது) நின்றுவிடும், வெப்பம் சட்டென்று இறங்கும். அலுவலக வேலைக்கும் இணையத்துக்கும் இது போதும். கேம் ஆடுபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

கிராபிக்ஸ் கார்டுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள். எந்த நிறுவனத்தின் கார்டாக இருந்தாலும் வேலை செய்யும். பவர் லிமிட்டை 80 சதவீதமாக்குங்கள். பெரும்பாலான கார்டுகளில் வேகம் சில சதவீதமே குறையும், சத்தமோ நன்றாகவே குறையும். இன்னும் ஆழமாகப் போக விரும்பினால் கண்ட்ரோல்-எஃப் அழுத்தி மின்னழுத்த வளைவைத் திறந்து குறைந்த வோல்ட்டில் ஓட வையுங்கள். ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில் 0.85 முதல் 0.9 வோல்ட் வரை பலரும் வைத்துக்கொள்ளும் அளவு. 60 ஹெர்ட்ஸ் திரையில் 200 பிரேம் ஓடுவது வெறும் சூடு என்பதால் பிரேம் வரம்பும் போடுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. இப்போதைய கார்டுகள் சூடு குறைவாக இருக்கும்போது ஃபேனை முழுதாக நிறுத்திவிடும், சுமார் 50, 60 டிகிரிக்கு வந்தால்தான் கிளப்பும். குளிர்நாட்டில் இது வரம். நம் பிற்பகல் அறையில் கார்டு சும்மா இருந்தே அந்த எல்லையில் நிற்கும். கிளம்பும், குளிரும், நிற்கும், மறுபடி கிளம்பும். வேகமான திரைகள் இரண்டு மாட்டியிருந்தால் இன்னும் மோசம், கார்டின் மெமரி ஓய்வே எடுக்காது. தீர்வு சின்னது: முன்பக்கக் கேசிங் ஃபேனைக் கொஞ்சம் கூட்டுங்கள், அல்லது கார்டின் ஃபேனை 30 சதவீதத்தில் நிரந்தரமாகச் சுற்றவிடுங்கள். அந்த வேகத்தில் அதன் சத்தம் கேட்கவே கேட்காது.

7. காற்றோட்டம்

முன்னாலும் கீழேயும் உள்ளே, பின்னாலும் மேலேயும் வெளியே. ஃபேனின் சட்டகக் கம்பிகள் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளிவரும்; சந்தேகம் என்றால் ஒரு டிஷ்யூத் தாளைக் காட்டிப் பாருங்கள். உள்ளே வருவது வெளியேறுவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கட்டும். அப்போது வடிகட்டி வழியாகத்தான் காற்று வரும், இடுக்குகளில் தூசி நுழையாது.

அழகுக்காக முன்னால் முழுக் கண்ணாடி வைத்த கேசிங்குகள் இங்கே நிறைய விற்கின்றன. அவற்றில் காற்று பக்கவாட்டில் ஒரு விரல் அகல இடுக்கு வழியாகத் திணறி வரும். முன்தகட்டைக் கழற்றி வைத்து அரை மணி நேரம் கேம் ஆடுங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் குற்றவாளி அந்தக் கண்ணாடிதான். அடுத்த முறை வலை முன்தகடு உள்ள கேசிங்காக வாங்குங்கள். முன்தகட்டையும் பக்கத் தகட்டையும் கழற்றியும் சிபியு சூடு இறங்கவே இல்லை என்றால் பிரச்சினை காற்றில் இல்லை, கூலரில் அல்லது காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டில் (செயலிக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பசை).

உள்ளே ஒட்டும் சத்தம் உறிஞ்சும் ஸ்பாஞ்சுத் தகடுகளை நம் ஊரில் நான் பரிந்துரைக்க மாட்டேன். சூட்டையும் ஈரத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

8. வாங்க வேண்டியது வந்தால்

கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசா, பினாங்கில் கொம்தாரும் அதை ஒட்டிய பிராங்கின் மாலும். கடையில் ஃபேனைச் சுழற்றிக் காட்டச் சொல்லிச் சத்தத்தைக் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள், அந்த மால் இரைச்சலில் விமானம் போனாலும் கேட்காது. பெட்டியில் பாருங்கள்: நான்கு ஊசி பிடபிள்யூஎம், கேசிங்கில் இடமிருந்தால் 140 மில்லிமீட்டர், ஃப்ளூயிட் பேரிங்.

ஆஸ்திரியாவின் நொக்டுவா என்எஃப்-ஏ12எக்ஸ்25 பிரமாதமான ஃபேன், விலையும் அப்படித்தான். ஒன்று வாங்கும் வெள்ளியில் ஆர்க்டிக் பி12 மூன்று வாங்கலாம். மூன்றையும் நிமிடத்துக்கு 700, 800 சுற்றில் ஓட்டினால் சீலிங் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. என் காசென்றால் ஆர்க்டிக்தான்.

“பாஸ், மூணு ஃபேன், கலர் லைட், ரிமோட் எல்லாம் சேர்த்து இவ்ளோதான்” என்று கடைக்காரர் நீட்டும் பெட்டியில் கவனம். அந்த விளக்கு ஃபேன்களில் பல, ஆறு ஊசி கொண்ட தனி இணைப்போடு தங்கள் பெட்டிக்குள் மட்டுமே பேசும், அல்லது மோலெக்ஸ் வயரில் நேராகப் பவர் சப்ளையில் மாட்டும். பயாஸால் அவற்றைத் தொட முடியாது. முழு வேகத்திலேயே ஓடும். ஏற்கெனவே உங்கள் கணினியில் அப்படி இருந்தால் நீங்கள் ஐந்தாம் படியில் செய்ததெல்லாம் அவற்றுக்கு எட்டவே எட்டாது, மாற்றுவதே வழி.

செயலியோடு இலவசமாக வரும் குட்டிக் கூலர்தான் இரைகிறது என்றால், 120 மில்லிமீட்டர் ஃபேன் மாட்டிய கோபுர வகைக் கூலர் ஒன்று எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தரும். வாங்குமுன் அதன் உயரத்தைக் கேசிங்கின் குறிப்போடு ஒப்பிடுங்கள். 155 மில்லிமீட்டர் கூலரை வாங்கிவந்து கண்ணாடியை மூட முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. ரைசன் ஏஎம்4 மதர்போர்டு என்றால் பழைய கூலரைக் கழற்றுமுன் கணினியைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, பிறகு அணைத்து, கூலரை இடவலமாக மெல்லத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட் செயலியையே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். பழைய பேஸ்ட்டை ஆல்கஹாலில் துடைத்து, புதியதைப் பச்சைப் பட்டாணி அளவு நடுவில் வையுங்கள். புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள்.

தண்ணீர்க் கூலர்? சத்தத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். அதற்கும் ரேடியேட்டரில் ஃபேன் உண்டு, கூடவே பம்பின் முனகல் வேறு. அதுவும் அறைக் காற்றைவிடக் குளிர வைக்காது. ஏற்கெனவே இருக்கிறது, “களகள” என்று கேட்கிறது என்றால் பம்பில் காற்றுக்குமிழி. பம்பைவிட ரேடியேட்டரின் மேல்முனை உயரத்தில் இருக்கும்படி மாட்டுங்கள்.

பவர் சப்ளை ஃபேன் அரைத்தால் அதைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்தேக்கிகளில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். உத்தரவாதம் இருந்தால் திருப்புங்கள், இல்லையென்றால் புதியது. ஹார்ட் டிஸ்க் முனகினால் ரப்பர் வளையம் போட்டு மாட்டலாம். அதைவிட எஸ்எஸ்டிக்கு மாறிவிடுவது நல்லது.

9. மறுபடி சோதித்து முடியுங்கள்

எல்லாம் மாற்றிய பின் வெயில் நன்றாக அடிக்கும் ஒரு பிற்பகலில் இரண்டாம் படியின் சோதனையை அப்படியே திரும்பச் செய்யுங்கள். ஹெச்டபிள்யூ இன்ஃபோவில் தெர்மல் த்ராட்லிங் (சூட்டால் செயலி தன்னை மெதுவாக்கிக்கொள்வது) என்ற வரி ‘இல்லை’ என்று காட்ட வேண்டும். ‘ஆம்’ என்றால் வளைவின் 80 டிகிரிப் புள்ளியை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். கீழ்த்தட்டைத் தொடாதீர்கள், நாள் முழுக்க உங்கள் காது கேட்பது அந்தக் கீழ்த்தட்டைத்தான். அன்றிரவே கதவைச் சாத்திக் கேளுங்கள். இன்னும் கேட்டால் அந்த 35 சதவீதத்தை 30 ஆக்கிப் பாருங்கள்.

வலை வடிகட்டியைச் சாதாரண மாதங்களில் மாதம் ஒருமுறை அலசினால் போதும். 2015-இலும் 2019-இலும் வந்ததுபோல் புகைமூட்டம் இறங்கிப் பள்ளிகளை மூடும் காலத்தில் வாரம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். அந்த நாள்களில் ஃபேன் வழக்கத்தைவிட இரைய ஆரம்பித்தால் பயாஸுக்குப் போக வேண்டாம், முதலில் வடிகட்டியைக் கழற்றுங்கள்.